ஆறாத குழி

தை மாதக் கடைசியில் ஒரு ராத்திரி எட்டரை மணிக்கு அத்தையிடமிருந்து போன் வந்தது. கிளினிக்கில் கடைசி ஆளைப் பார்த்து அனுப்பிவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"தாயி, கீழ்ப்பல்லு ஒண்ணு ஆடுது. கடிச்சா வலிக்கி. ஈறும் லேசா வீங்குனாப்ல இருக்கு."

"எந்தப் பக்கம் அத்தே?"

"எடது பக்கம். கடவாப்பல்லு."

"காய்ச்சல் இருக்கா? கன்னம் வீங்கியிருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. மாத்திரை மட்டும் சொல்லு. இதுக்குப் போயி மதுரைக்கு அலையணுமா?"

சொன்னேன். அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல், வலிக்கு ஒரு மாத்திரை, எல்லாம் ஐந்து நாளைக்கு. வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில் கொப்பளிக்கச் சொன்னேன். அத்தை மகனுக்கு வாட்ஸப்பில் எழுதி அனுப்பினேன். அவன் சாத்தூரில் மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டான். எல்லாம் சேர்த்து மூன்று நிமிட வேலை. வீட்டில் ஒரு பல் டாக்டர் இருந்தால் சொந்தபந்தம் முழுக்க இப்படித்தான் வைத்தியம் நடக்கும். பதினாறு வருடமாக எனக்கும் அதில் ஒரு பெருமை உண்டு.

நாலாம் நாள் அத்தையே கூப்பிட்டாள். "வலி விட்டுப்போச்சு தாயி. ஒங்கைல என்னமோ இருக்கு."

அந்த வார்த்தை இன்றும் காதில் இருக்கிறது. வலி விட்டது உண்மை. அந்த உண்மையைத்தான் நான் தப்பாகப் படித்தேன்.

ஈறு வீங்கி, பல் ஆடி, லேசாக ரத்தம் கசிந்து, வாய் நாறி என்னிடம் வருகிறவர்கள் வாரத்துக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். அநேகமாக எல்லோருக்கும் அது ஈறு நோய்தான். பல்லைச் சுற்றிக் காரை படியும், அதில் கிருமி குடியேறும், ஈறு விலகும், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு வருடக்கணக்கில் கரையும். வேலிக்கல்லைச் சுற்றி மழை மண்ணை அரித்துக்கொண்டு போவதுபோல. ஒரு நாள் கல் ஆடத் தொடங்கும்.

ஈறில் வருகிற புற்றும் அதே எலும்பைத்தான் தின்கிறது. அதனால் முதல் நாள் நோயாளி சொல்கிற கதையும் அதேதான். பல் ஆடுது, ஈறு வீங்கியிருக்கு, துப்பினா ரத்தம் வருது. சொற்களில் வித்தியாசம் இல்லை. ஆனால் பார்க்கத் தெரிந்தவருக்கு இருக்கிறது. ஈறு நோய் பெரும்பாலும் பல பற்களைச் சுற்றி வரும், மெதுவாக வரும். புற்று ஒரே இடத்தில் வரும், மாதக்கணக்கில் வரும். வாயில் மற்றப் பற்களெல்லாம் கல்லுமாதிரி நிற்க ஒன்றோ இரண்டோ மட்டும் திடீரென்று ஆடினால், 'இது மட்டும் ஏன்?' என்று கேட்க வேண்டும். கல்லூரியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி வருடப் பரீட்சையில் நானே அதை எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன்.

அப்படியானால் மாத்திரைக்கு ஏன் கேட்டது? புற்றுக்கட்டியின் மேல்பரப்பு பெரும்பாலும் புண்ணாக இருக்கும். வாயில் கோடிக்கணக்கான கிருமிகள். புண்ணில் அவை ஏறிக்கொள்ளும், சீழ் பிடிக்கும், வலிக்கும். ஆன்டிபயாடிக் அந்தக் கிருமிகளை அடக்குகிறது. வீக்கம் வடிகிறது, வலி குறைகிறது. அடியில் கட்டி அப்படியே இருக்கிறது. நோயாளிக்குச் சந்தோஷம், டாக்டருக்கும் சந்தோஷம். 'மாத்திரைக்குக் கேட்டுச்சுன்னா அது இன்ஃபெக்ஷன்தானே' என்று இரண்டு பேருமே முடிவுகட்டிவிடுகிறோம். மாத்திரைக்குப் பாதி கேட்பதுதான் இந்த நோயின் மிக மோசமான குணம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. கொஞ்சமும் கேட்காமல் இருந்திருந்தால் அத்தை அடுத்த வாரமே பஸ் ஏறியிருப்பாள்.

மாசியில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வலி திரும்பியிருந்தது. செல்போன் டார்ச்சை அடித்து வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ் இடது கடைவாய்ப் பல் ஆடியது. ஈறு சிவந்து கொஞ்சம் தடித்திருந்தது. பின்னால் யாரோ "டாக்டரம்மா இங்கயும் கடையத் தொறந்துட்டாக" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்னொரு ஐந்து நாள் மாத்திரை சொல்லி, "அது நிக்காது அத்தே, வாங்க எடுத்துருவோம்" என்றேன். "பங்குனிப் பொங்கல் முடியட்டும்" என்றாள்.

என் கிளினிக்கில் புதிதாக யார் வந்தாலும் முதலில் ஒரு அட்டை போடுவோம். பெயர், வயது, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி, சிகரெட் உண்டா, எத்தனை வருடமாக, வாயில் எந்தப் பக்கம் அதக்குவீர்கள். கூச்சப்படுகிறவர்களிடமும் விடாமல் கேட்போம். அத்தைக்கு மட்டும் அட்டை இல்லை. அத்தைக்கு எதற்கு அட்டை? சின்ன வயதில் எனக்குத் தலைவாரிவிட்டவள். அவளிடம் போய் "பொகையில போடுவீங்களா?" என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கேட்பதற்குத் தேவையும் இல்லை. எனக்குத் தெரியும். தீப்பெட்டி ஒட்டிய காலத்திலிருந்து அவள் இடுப்பில் சுருக்குப்பை உண்டு. ராத்திரி கண்விழித்து ஒட்ட வேண்டும், தூக்கமும் பசியும் தெரியக்கூடாது, அதற்காக வெற்றிலையோடு புகையிலை. மாமா இறந்த பிறகு விட்டுவிட்டதாகச் சொன்னாள். நம்பினேன்.

நம்முடைய ஊர்களில் வாய்ப்புற்று எங்கே வருகிறது என்பது அந்த அதக்குகிற பழக்கத்தைப் பின்பற்றியே இருக்கிறது. கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் உள்ள பள்ளம், அதுதான் வெற்றிலை ஊறுகிற இடம். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985இலேயே சொல்லிவிட்டது. 2004இல் வெளிவந்த அதன் அறிக்கை புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும், வெறும் பாக்கையுமே அந்தப் பட்டியலில் சேர்த்தது. 'நான் பொகையில போடுறதில்ல, வெறும் பாக்குதான்' என்று சொல்கிறவர்களுக்கு இதை நான் தினமும் சொல்கிறேன். 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகத்தில் புதிதாக வாய்ப்புற்று வந்தவர்கள் சுமார் 3,77,000 பேர். அதில் சுமார் 1,35,000 பேர் இந்தியாவில். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இந்த எண்ணெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. அத்தையின் வாய்க்குள் பார்த்தபோது இதில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

பங்குனிப் பொங்கல் முடிந்த மறுவாரம் அத்தை வந்தாள். பையில் எனக்குச் சீவலும் காராச்சேவும். நாற்காலியில் உட்காரவைத்து மரத்துப்போக ஊசி போட்டேன். எக்ஸ்ரே எடுக்கவில்லை. எடுக்கப்போகிற பல்லுக்கு எக்ஸ்ரே எதற்கு என்று நினைத்தேன். குறடை வைத்ததும் பல் கையோடு வந்துவிட்டது. எந்தப் பலமும் கொடுக்கத் தேவைப்படவில்லை. பல்லில் சொத்தை இல்லை. காரையும் அவ்வளவாக இல்லை.

குழிக்குள் மெத்தென்று சதை இருந்தது. நாள்பட்ட சீழுக்குக் கீழே அப்படி இருப்பது வழக்கம்தான். சுரண்டி எடுத்தேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு, சாம்பல் கலந்த சிவப்பில் ஒரு துணுக்கு. தட்டில் வைத்தேன். அந்தத் தட்டிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் அலமாரி. அலமாரியில் ஃபார்மலின் பாட்டில் இருந்தது. அதில் போட்டு லேபுக்கு அனுப்பியிருந்தால் நாலைந்து நாளில் பதில் வந்திருக்கும். பஞ்சோடு பஞ்சாக அது மருத்துவக் கழிவு போடுகிற மஞ்சள் பைக்குள் போனது.

அத்தை பஞ்சைக் கடித்துக்கொண்டு, பேச முடியாமல், கையால் எனக்குத் திருஷ்டி கழித்தாள்.

பல் எடுத்த குழி ஒரு வாரத்தில் சுருங்கத் தொடங்கும். மூன்று நான்கு வாரத்தில் மேலே ஈறு மூடிவிடும். உள்ளே எலும்பு நிரம்பத்தான் மாதங்கள் ஆகும். அத்தைக்கு மூன்றாவது வாரமும் குழி திறந்தே இருந்தது. போனில் சொன்னாள். சர்க்கரை இருக்கும், பார்க்கச் சொல்லு என்று அவள் மகனிடம் சொன்னேன். சர்க்கரை இல்லை. "கீழ் ஒதட்டுல எறும்பு ஊர்றாப்ல இருக்கு தாயி. டீ குடிச்சா வழியுறது தெரிய மாட்டேங்கு" என்றாள். ஊசி போட்ட இடத்தில் நரம்பு லேசாக இடிபட்டிருக்கும், சரியாகிவிடும் என்றேன்.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ்ப்பற்களுக்கும் கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். காரணம் தெரியாமல் கீழ் உதடோ முகவாயோ மரத்துப்போனால், வேறொன்று என்று நிரூபணமாகும்வரை புற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். தாடையிலேயே வந்த புற்றாக இருக்கலாம், வேறு உறுப்பிலிருந்து பரவியதாக இருக்கலாம், ரத்தப் புற்றாகக்கூட இருக்கலாம். சீழ் பிடித்தாலும் சில சமயம் மரத்துப்போகும், ஊசி பட்டாலும் நடக்கும். ஆனால் ஊசி போட்டு மூன்று வாரம் கழித்துப் புதிதாகத் தொடங்காது. அதைக்கூட நான் கேட்கவில்லை, எப்போது தொடங்கியது என்று.

ஐந்தாவது வாரம் வரச் சொன்னேன். வாயைத் திறக்கச் சொன்னபோது இரண்டு விரல்தான் நுழைந்தது. மூன்று விரல் நுழைய வேண்டும். குழிக்குள்ளிருந்து காலிஃபிளவர் பூப்போலச் சதை மேலே வளர்ந்து நின்றது. தொட்டால் கெட்டி. விளிம்பு தடிப்பு. தாடைக்குக் கீழே கழுத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு நெரி, அசையவில்லை. என் உதவியாளப் பெண் டார்ச்சைப் பிடித்திருந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்ததும் விளக்கு கொஞ்சம் ஆடியது.

தாடை முழுவதும் தெரிகிற ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தோம். ஈறு நோயில் எலும்பு மேலிருந்து இறங்கும், ஆனால் எலும்பின் விளிம்பு தெளிவாக இருக்கும். இதில் விளிம்பே இல்லை. செல் அரித்த துணிபோலக் கீழ்வரை போயிருந்தது. அன்றுதான் அத்தைக்கு அட்டை போட்டேன். பெயர், வயது 61. புகையிலை உண்டா என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. அத்தையே சொன்னாள், "போட்டுக்க."

பயாப்சி முடிவு ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. கட்டி எலும்புக்குள் போயிருந்ததால் நான்காவது கட்டம்.

அதற்குப் பிறகு நான் நிறையப் படித்தேன். குற்றவுணர்ச்சிக்குப் படிப்பு ஒரு மருந்துபோல இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாண்டின் கதை அப்போதுதான் கிடைத்தது. 1893இல் அவருடைய மேல் தாடையில் ஒரு கட்டி. நாட்டில் பெரிய பொருளாதார நெருக்கடி, செய்தி வெளியே தெரிந்தால் சந்தை சரியும். அதனால் ஜூலை 1ஆம் தேதி 'ஒனைடா' என்ற உல்லாசப் படகில், ஓடுகிற தண்ணீரின் மேல், ரகசியமாக அறுவை செய்தார்கள். முகத்தில் வெட்டு தெரியாமல் வாய் வழியாகவே மேல்தாடையின் ஒரு பகுதியை எடுத்தார்கள். பற்களைப் பிடுங்க ஒரு பல் மருத்துவரும் படகில் இருந்தார். வெளியே சொன்ன காரணம் வாதமும் பல் கோளாறும். விஷயத்தை எழுதிய பத்திரிகையாளரைப் பொய்யர் என்றார்கள். 1917இல்தான் அறுவையில் இருந்த டாக்டர் கீன் உண்மையை எழுதினார்.

ஜனாதிபதியின் புற்றை மறைக்கக் கெட்டிக்காரர்கள் யோசித்துக் கண்டுபிடித்த பொய், பல்வலி. யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தை விஷயத்தில் யாரும் பொய் சொல்லவில்லை. பல்வலி என்றதும் நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு மட்டும் வருவதில்லை இது. 1957இல் உகாண்டாவின் கம்பாலாவில் டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் தாடையெல்லாம் வீங்கிய ஒரு சின்னப் பையனைப் பார்த்தார். பிறகு அதேபோல இன்னும் பல குழந்தைகள், பல்லெல்லாம் ஆடியபடி. நிணநீர் மண்டலத்தில் வருகிற அந்தப் புற்றுக்கு இன்று அவர் பெயர்தான். தாடை எலும்பிலேயே பிறக்கிற புற்றும் உண்டு, இளம் வயதிலேயே வரும். எதுவானாலும் முதலில் போகிற இடம் பெரும்பாலும் பல் டாக்டரிடம். முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஐந்து நாள் மாத்திரை.

அறுவை பகல் முழுவதும் நடந்தது. கீழ்த்தாடையின் இடது பாதியையும் கழுத்து நெரிகளையும் எடுத்தார்கள். காலில் இருக்கிற இரண்டு எலும்பில் மெல்லியதை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, தாடையின் வளைவுக்கு ஏற்பத் துண்டுபோட்டுத் தகட்டில் பிணைத்து, கழுத்து ரத்தக்குழாயோடு நுண்ணோக்கியின் கீழ் தைத்தார்கள். அப்புறம் ஆறு வாரத்தில் முப்பது தடவை கதிர்வீச்சு. அறுவைச் செலவைக் காப்பீட்டு அட்டை ஏற்றுக்கொண்டது. எச்சில் ஊறுவது நின்றுபோனதை எந்த அட்டையாலும் ஏற்க முடியவில்லை. காராச்சேவு கடிக்கிற வாய், கம்மங்கூழை ஸ்பூனில் ஊற்றி விழுங்கியது. "காலெலும்ப வாயில வச்சிருக்காக. இனிமே நான் பேசுனா நடந்தாப்லதான்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். உதடு ஒரு பக்கம்தான் நகர்ந்தது.

அறுவை செய்த டாக்டரிடம் கேட்டேன், அந்த மூன்றரை மாதம் என்ன வித்தியாசம் செய்திருக்கும் என்று. அவர் என்னைவிடச் சின்னவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எவ்வளவுன்னு சொல்ல முடியாது மேடம். ஆனா சீக்கிரம் வந்திருந்தா சின்னதா முடிஞ்சிருக்கலாம்" என்றார். பொய்யாக ஆறுதல் சொல்லாததற்கு அவருக்கு நன்றி.

அத்தையிடம் சொல்லிவிட வேண்டும் என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். எக்ஸ்ரே எடுக்காததை, சதையை டெஸ்ட்டுக்கு அனுப்பாமல் போட்டதை, உதடு மரத்ததை அலட்சியமாக விட்டதை. அவள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் பொகையில போடுறனான்னு நீ கேக்கவே இல்லையே தாயி."

"ஆமா அத்தே. கேட்டிருக்கணும்."

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

இது என்னைக் காப்பாற்றச் சொன்னதா, உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புகையிலை வாசனை தெரியாமலிருக்க என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஏலக்காய் மென்றுகொண்டு வருவாளாம். அதை அவள் மகன் பிறகு சொன்னான். மருமகள் பல் டாக்டர் என்பதால் அவள் என்னிடம் மறைத்தாள். அத்தை என்பதால் நான் அவளிடம் கேட்கவில்லை. தெருவில் போகிற ஆளாக உள்ளே வந்திருந்தால் அட்டை போட்டிருப்பேன், எக்ஸ்ரே எடுத்திருப்பேன். காசு வாங்கியிருப்பேன், அதனால் கவனமாகவும் இருந்திருப்பேன். பிரியத்தில் நான் விட்டதெல்லாம் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வைத்தியம்.

இரண்டாவது வருடம் கழுத்தில் திரும்ப வந்தது. அந்த ஆடியில் அத்தை போனாள்.

இப்போது கிளினிக்கில் சில விஷயங்களை மாற்றியிருக்கிறேன். போனில் மாத்திரை சொல்வதில்லை. சொந்தக்காரர்கள் 'பெரிய டாக்டராயிட்டா' என்கிறார்கள். பல் எடுத்த எல்லோருக்கும் மூன்றாவது வாரம் என் உதவியாளப் பெண் போன் செய்து 'குழி மூடிருச்சா?' என்று கேட்கிறாள். குழியிலிருந்து வருகிற சதை சந்தேகமாக இருந்தால் பாட்டிலுக்குள் போகிறது. பெரும்பாலும் 'நாள்பட்ட அழற்சி' என்றுதான் பதில் வரும். ஒன்றுமில்லாததற்கு லேப் செலவா என்று சிலர் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்கிறேன். இதுவரை இரண்டு பாட்டில்கள் வேறு பதிலோடு வந்திருக்கின்றன. அதில் ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், போன மாதம் வந்து பல் கட்ட முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதை வாசிக்கிறவர்களை நான் பயமுறுத்த விரும்பவில்லை. ஈறு வீங்கினால் அது பெரும்பாலும் ஈறு வீக்கம்தான். முதல் நாள் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் நாள்கணக்கு வைத்துக்கொள்ளலாம். வாயில் ஒரு புண், ஒரு வீக்கம், பல் பிடுங்கிய ஒரு குழி மூன்று வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால், ஒரே மாத்திரையை இரண்டாவது தடவை எழுதுகிற டாக்டரிடம், அது நானாக இருந்தாலும், "சதை எடுத்து டெஸ்ட் பண்ணலாமா?" என்று கேளுங்கள். அவர் கேட்காததையும் நீங்களே சொல்லுங்கள், வெற்றிலை போடுவதை, உதடு மரத்ததை, வாய் முன்னைப்போலத் திறக்காததை.

அத்தையின் அட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது. இறந்தவர்கள் அட்டையைத் தனியாக எடுத்துவிடுவது எங்கள் வழக்கம், இதை எடுக்கவில்லை. வந்த காரணம் என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் 'பல் ஆட்டம், மூன்றரை மாதமாக' என்று இருக்கிறது. அட்டை போட்ட தேதி மட்டும் முதல் போன் வந்த நாள் இல்லை.